8 டெப், 31 பிள்ளைகள்: படுவான்கரை ஆசிரியை ஒருவருக்குப் பதில்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் தரம் 3 கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "சேர், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊரவர்கள் பாடசாலைக்கு 8 டெப் (தொடுதிரைக் கைக்கணினி) வாங்கித் தந்திருக்கிறார்கள். என் வகுப்பில் 31 பிள்ளைகள். பாடசாலையில் இணைய இணைப்பு இல்லை. தொலைபேசிக்கே மாமரத்தடிக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும். அலுமாரியில் கிடக்க விடாமல் பயன்படுத்துங்கள் என்கிறார் அதிபர். எந்தச் செயலிகளைப் போடுவது? எப்படிக் கற்பிப்பது?"

டீச்சர், நீங்கள் முதலில் திறக்க வேண்டிய செயலி அந்த 8 டெப்பிலும் ஏற்கெனவே இருக்கிறது. குரலைப் பதியும் செயலியைத்தான் சொல்கிறேன். ஏதாவது ஒன்றில் அது இல்லாவிட்டால் கமராவைத் திறந்து வீடியோவாக எடுங்கள், அதுவும் போதும். இணையம் வேண்டாம், கணக்குத் திறக்க வேண்டாம், விளம்பரம் வராது. பிள்ளை பேசும் தமிழைப் பிழை என்று அது சொல்லவும் சொல்லாது.

ஆரம்பப் பிரிவு ஆசிரிய ஆலோசகராக இருந்த காலத்தில் வாவிக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய பாடசாலைக்குப் பாதையில் ஏறிப் போய்வருவேன். (வெளியூர் வாசகர்களுக்காக: மட்டக்களப்பில் 'பாதை' என்றால் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை.) அங்கே தரம் 3 இல் ஒரு பையன் இருந்தான். வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பான், வாய் திறக்க மாட்டான். ஒருநாள் வகுப்பாசிரியை தன்னுடைய டெப்பை அவன் கையில் கொடுத்து, "வேப்பமரத்தடியில் போயிருந்து இந்தப் பந்தியை வாசித்துப் பதிந்துகொண்டு வா" என்று அனுப்பினார். நான் யன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டெப்பை முழங்காலில் சாய்த்து வைத்து, புத்தகத்தைத் தரையில் விரித்து, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தான். பிறகு டெப்பைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டான். 'கொக்கு வயலில் நின்றது' என்ற இடத்தில் அவன் குரல் 'கெக்கு' என்றது. எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பைக் கண்டவன் பின்னால் நிற்கும் அரவைக் (துணைக்காலை) காணவில்லை. கெ, கே, கொ, கோ என்ற வரிசையில் இந்த வயதுப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் தடுக்கி விழுகிறார்கள். அவன் பதிவை நிறுத்தினான். புத்தகத்தை உற்றுப் பார்த்தான். தனக்குள் சிரித்தான். அழித்துவிட்டு மறுபடி பதிந்தான். ஐந்தாம் முறை பதிந்ததைத்தான் எங்களிடம் கொண்டுவந்து தந்தான். அதில் கொக்கு கொக்காகவே நின்றது.

நான் பக்கத்தில் இருந்து திருத்தியிருந்தால் ஒரேயொரு முறை வாசித்திருப்பான், அதுவும் பயந்து பயந்து. யாரும் கேட்காத இடத்தில், தன் காதால் தானே கேட்டு, ஐந்து முறை வாசித்தான். வாசிப்பு ஓடுவதற்கு வேண்டியதே அந்தத் திரும்பத் திரும்ப வாசித்தல்தான்.

கணக்கையும் பாருங்கள். பிள்ளைக்கு 2 நிமிடம் வீதம் வாசிக்கக் கேட்டால் 31 பேருக்கும் 1 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். எந்த நாளில் அது முடியும்? பதிந்து வைத்தால் நாளுக்கு 6 பேரின் வாசிப்பைப் பாடசாலை விட்ட பிறகு கேட்கலாம், ஒரு கிழமைக்குள் கிட்டத்தட்ட வகுப்பு முழுவதையும் கேட்டு முடித்துவிடுவீர்கள். யாருக்குக் கொம்பு பிடிபடவில்லை, யார் சொல்லைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து ஊகித்து வாசிக்கிறார், யார் முற்றுப்புள்ளியில் நிற்காமல் ஓடுகிறார் என்பதெல்லாம் பெயரோடு தெரியும். முதலாம் தவணையின் முதற்கிழமைப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். பெற்றோர் கூட்டத்தில் அதையும் அண்மைய பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். புள்ளி அட்டையை வாசிக்கத் தெரியாத தாய்க்கும் தன் பிள்ளையின் குரல் மாறியிருப்பது விளங்கும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கருவியைக் கொடுத்துவிட்டால் கற்றல் தானாக நடந்துவிடும் என்ற நம்பிக்கையை உலகம் ஏற்கெனவே பெருஞ்செலவில் சோதித்துப் பார்த்துவிட்டது. பெரு நாட்டுக் கிராமப்புறங்களில் 319 ஆரம்பப் பாடசாலைகளை எடுத்து, பிள்ளைகளுக்கு மடிக்கணினி கிடைத்தவற்றையும் கிடைக்காதவற்றையும் ஒப்பிட்டார்கள். 2012 இல் வெளியான அந்த ஆய்வில் கணிதத்திலும் மொழியிலும் வேறுபாடு தென்படவில்லை. ஆபிரிக்காவின் மலாவியில் வேறு விதமாகச் செய்தார்கள். சிறு பிள்ளைகள் தங்கள் சிச்செவா மொழியிலேயே அமைந்த கணிதச் செயலியை 8 வாரம் ஒழுங்காகப் பயன்படுத்தினார்கள். 2015 இல் வெளியான ஆய்வின்படி அவர்கள் கணிதத்தில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். அங்கே மொழி பிள்ளையின் மொழி, பாடம் பாடத்திட்டத்தை ஒட்டியது, நேரமும் வரையறுக்கப்பட்டது. செயலி தெரிவு செய்யும்போது இந்த மூன்றையும் பாருங்கள். மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம்.

பிள்ளையின் மொழி என்று சொல்லும்போது வெறுமனே 'தமிழ்' என்று நான் நினைக்கவில்லை. படத்துக்குப் பெயர் தெரிவு செய்யும் ஒரு தமிழ்ச் செயலியைத் தரம் 1 பிள்ளைகளோடு இருந்து பார்த்திருக்கிறேன். திரையில் பப்பாசிப் பழம். கீழே மூன்று சொற்கள், அவற்றில் சரியானது 'பப்பாளி'. பிள்ளை மூன்றையும் எழுத்துக்கூட்டி வாசித்தாள், பப்பாசியைத் தேடினாள், காணவில்லை. ஏதோ ஒன்றைத் தொட்டாள். சிவப்புக் குறுக்குக் கோடு விழுந்தது. அவள் வீட்டு வேலியோரம் பப்பாசி மரம் நிற்கிறது, அதன் பெயர் அவளுக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் அவளுக்குப் பிழை. கச்சான் கொட்டைக்கு 'வேர்க்கடலை' என்று கேட்டபோதும் இதுவே நடந்தது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் பாடசாலைகளில் வாப்பா, உம்மா என்று அழைக்கும் பிள்ளைக்குக் 'குடும்பம்' என்ற பாடத்தில் அப்பா, அம்மா மட்டும் வந்து நின்றால் அந்தப் பாடம் அடுத்த வீட்டுப் பாடமாகிவிடுகிறது. தமிழ்நாட்டுச் சொற்களைப் பிள்ளைகள் அறிவது நல்லதுதான், ஆனால் எழுத்தை அறிமுகம் செய்யும் வயதில், வாயில் இருக்கும் சொல்லும் கண்ணால் பார்க்கும் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அதனால்தான் கதைகளுக்கு ஸ்டோரிவீவர் தளத்தைப் பரிந்துரைக்கிறேன். இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கியது. தமிழிலும் படக்கதைகள் நிறைய இருக்கின்றன, வாசிப்பு நிலை 1 முதல் 4 வரை பிரித்திருக்கிறார்கள், இலவசமாகப் பதிவிறக்கலாம். எல்லாவற்றிலும் பெரிய வசதி அதன் திறந்த உரிமம். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு நீங்களே சொல்லை மாற்றலாம், பப்பாளியைப் பப்பாசியாக்கலாம், உங்கள் குரலில் வாசித்துப் பதிந்து பிள்ளைகளுக்குக் கேட்கக் கொடுக்கலாம். முதலில் நிலை 1 இல் 10 கதை, நிலை 2 இல் 10 கதை போதும். நூறு கதையை இறக்கி வைத்தால் பிள்ளை அட்டைப்படம் பார்ப்பதிலேயே நேரத்தைக் கழித்துவிடும்.

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாட வாரியாகத் தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன. பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து அப்படியே இறக்கிக்கொள்ளலாம். நகரத்துக்கு அல்லது வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகும் நாளில் நல்ல இணைப்புள்ள இடத்தில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் இறக்கி, 8 டெப்புக்கும் பகிர்ந்துவிடுங்கள். உங்கள் சொந்த டேட்டாவில் மாதா மாதம் செலவழிக்கத் தொடங்காதீர்கள். அதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பேசிப் பெற்றுக்கொள்வது உங்கள் உரிமை.

ஆங்கிலத்துக்கு கான் அகாடமி கிட்ஸ். 2 முதல் 8 வயது வரைக்கான செயலி, முற்றிலும் இலவசம், விளம்பரம் கிடையாது, ஒரு பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்து இணையமின்றியும் பயன்படுத்தலாம். உச்சரிப்பு அமெரிக்க உச்சரிப்பு, அது பரவாயில்லை. ஆங்கிலத்தைக் காதால் கேட்க வேறு வழியே இல்லாத பிள்ளைக்கு அது பெரிய கொடை. ஜீகொம்ப்ரி என்ற கட்டற்ற மென்பொருளும் இணையமின்றி ஓடும். 2 முதல் 10 வயதுக்கென 150 க்கும் மேற்பட்ட செயற்பாடுகள் அதில் இருக்கின்றன. எல்லாவற்றையும் திறந்து விடாமல் அந்தக் கிழமைப் பாடத்துக்குப் பொருந்தும் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மொழிச் சிங்களத்துக்குச் செயலி தேட வேண்டாம் என்பது என் கருத்து. அம்பாறை நகரில் பணிபுரியும் சிங்கள ஆசிரியர் ஒருவரிடம் சிறு சிறு வாக்கியங்களாக 30 ஐப் பேசிப் பதிந்து தரச் சொல்லுங்கள். மனிதக் குரல், சரியான உச்சரிப்பு, உங்கள் பாடத்துக்கு அளவானது.

கணிதத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். புளியங்கொட்டையும் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டும் கையில் இருக்கும்போது எண்ணுவதற்குத் திரை தேவையில்லை. பத்தைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் விரலால் தெரிய வேண்டிய சங்கதி. காசு எண்ணக் காசே போதும். எழுத்தும் அப்படித்தான். கண்ணாடியில் விரலை இழுத்து 'அ' போடுவது பென்சில் பிடிக்கப் பழக்காது. எழுத்தின் சுழி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்காமலேயே நட்சத்திரம் தரும் செயலிகளும் உண்டு. ஏடு தொடக்கும்போது அரிசியில் விரல் பிடித்து எழுத வைக்கிறோமே, அந்த உராய்வு கண்ணாடியில் இல்லை. மணல் தட்டு, சிலேட்டு, பென்சில் என்ற வரிசையைக் குழப்ப வேண்டாம்.

ஸ்கிராட்ச் ஜூனியர் செயலிக்கு மட்டும் தனி இடம் கொடுங்கள். 2014 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வுகூடமும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து வெளியிட்டது. தரம் 3 பிள்ளைகளுக்கும் நன்றாகப் பொருந்தும். கட்டளைக் கட்டங்களில் படக்குறிகள்தான் இருக்கின்றன, அதனால் ஆங்கிலம் தடையாகாது. நகர், திரும்பு, காத்திரு, ஒலி எழுப்பு என்ற கட்டங்களைப் பிள்ளை வரிசையாகக் கோத்துப் பச்சைக் கொடியைத் தொட்டால் உருவம் அசையும். தான் வரைந்த படத்தையும் கமராவில் எடுத்த படத்தையும் உள்ளே வைக்கலாம், தன் குரலையும் பதியலாம். வாவியும் பாடும் மீனும் நம் பிள்ளைகளுக்குக் கதை கட்டக் கைக்கெட்டிய பொருள். மீன் இடமிருந்து வலமாக நீந்த வேண்டும், தோணி வந்ததும் நிற்க வேண்டும், பிறகு பாட வேண்டும். இதைச் செய்து முடிக்க, எது முதலில் நடக்கிறது எது அடுத்து நடக்கிறது என்று பிள்ளை யோசித்தே ஆக வேண்டும். மீன் நிற்காமல் தோணிக்குள் நுழைந்துவிட்டால், எங்கே பிழை என்று தேடும் அந்த இரண்டு பிள்ளைகளும் பேசும் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். அவ்வளவு நேரம் ஒருவருக்கொருவர் காரணம் சொல்லிப் பேசுவதை வகுப்பில் வேறெப்போது கேட்டிருக்கிறீர்கள்?

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்குக் கமராவும் ஒலிப்பதிவும் சேர்ந்தால் போதும். ஒரு குழு கண்டல் மரத்தின் வேரைப் படமெடுக்கட்டும், இன்னொரு குழு இறாலையும் நண்டையும் எடுக்கட்டும். களவெட்டியில், அதாவது சூடடிக்கும் களத்தில், நெல்லை நெல் என்று சொல்லாமல் 'பொலி' என்று சொல்லும் வழக்கத்தை இந்தப் பிள்ளைகளின் தாத்தாமார் இன்னும் மறக்கவில்லை. அறுவடைக் காலத்தில் ஒரு டெப்பை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு ஒரு தாத்தாவிடம் போய், களத்துச் சொற்களைக் கேட்டுப் பதிந்து வாருங்கள். அம்மம்மாவிடம் நான்கு நொடி, அதாவது விடுகதை, கேட்டுப் பதியுங்கள். அடுத்த நாள் வகுப்பு அந்தக் குரல்களைக் கேட்டு எழுதட்டும். எந்தக் கம்பனியும் உங்கள் ஊருக்காகச் செய்து விற்க முடியாத பாடம் அது.

இனி 8 ஐயும் 31 ஐயும் எப்படிப் பொருத்துவது? வகுப்பை நான்கு குழுவாக்குங்கள், மூன்று குழுவில் 8 பேர், ஒன்றில் 7 பேர். ஒரு குழு பாயில் டெப்போடு, ஒன்று உங்களோடு வாசிப்பில், ஒன்று எழுத்து வேலையில், ஒன்று கணிதப் பொருட்களோடு. டெப் குழுவில் இருவருக்கு ஒரு டெப், ஆகவே ஒரு நேரத்தில் 4 டெப் மட்டும் வேலை செய்யும், மற்ற 4 சார்ஜில் இருக்கும். எட்டும் இருக்க எதற்கு நான்கு என்று அதிபர் கேட்கலாம். பிள்ளைக்கு ஒன்று என்று கொடுத்தால் அறை அமைதியாகிவிடும், மொழி வகுப்பில் அமைதி நமக்கு நட்டம். இருவர் இருந்தால் ஒருவர் தொடுவார், மற்றவர் சொல்லுவார். தொடுகிறவர் சொல்லக் கூடாது, சொல்லுகிறவர் தொடக் கூடாது. பாதி நேரத்தில் நீங்கள் கைதட்டியதும் மாறிக்கொள்வார்கள். கெட்டிக்காரப் பிள்ளை டெப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் தொல்லை இந்த ஒரு விதியாலேயே பெருமளவு குறையும். வாசிப்புப் பதிவு மட்டும் தனித்தனியே, வெளியே மரத்தடியில் அல்லது விறாந்தையில். ஒரு சுற்று 15 நிமிடம், கிழமையில் மூன்று நாள். முதல் இரண்டு கிழமைக்குச் செயலியே திறக்காமல், டெப்பைத் தூக்குவது, வைப்பது, கை துடைப்பது, நிறுத்துவது இவற்றை மட்டும் பழக்குங்கள். அந்த இரண்டு கிழமையை மிச்சம் பிடித்தவர்கள் வருடம் முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறேன்.

ஒரு செயலியை வகுப்புக்குக் கொண்டுபோக முன் வீட்டில் அரை மணித்தியாலம் பிள்ளையைப் போல விளையாடிப் பாருங்கள், வேண்டுமென்றே பிழையாகத் தொடுங்கள். பிழைக்கு என்ன செய்கிறது? காரணம் காட்டுகிறதா, வெறுமனே கத்துகிறதா? இலவசத் தமிழ் எழுத்துச் செயலி ஒன்றில் 'ஈ' முடிந்து 'உ' வருவதற்குள் சூதாட்ட விளம்பரம் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன், பக்கத்தில் ஆறு வயதுப் பிள்ளை. அன்றே நீக்கினோம். பெயர், பிறந்த திகதி, படம் கேட்கும் செயலிகளில் பிள்ளைகளின் விபரத்தைக் கொடுக்கவே வேண்டாம். டெப் 1, டெப் 2 என்று எண் கொடுத்தால் போதும். தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்காக யோசிக்க வேண்டியவர் முதலில் நீங்கள்தான். பதிந்த குரல்களையும் படங்களையும் பெற்றோர் சம்மதமின்றி எந்தச் சமூக வலைத்தளத்திலும் போடாதீர்கள், நன்கொடை தந்தவர்கள் கேட்டாலும். அண்ட்ரொயிட் அமைப்புகளில் திரையை ஒரே செயலியில் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் பிள்ளை வேறெங்கும் போகாது.

பெற்றோர் சிலர் வந்து, "தரம் 5 புலமைப்பரிசில் வினாத்தாள்களை டெப்பில் போட்டுத் தாருங்கள்" என்று கேட்பார்கள். தரம் 3 இல் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். தந்த விடைகளில் ஒன்றைத் தொடப் பழகிய பிள்ளைக்கு ஒரு பந்தி எழுதச் சொன்னால் கை ஓடாது. அவர்களிடம் வாதாடாமல், அவர்களுடைய பிள்ளையின் இரண்டு பதிவுகளையும் போட்டுக் காட்டுங்கள்.

பராமரிப்பைப் பற்றி. எங்கள் பக்கத்து உப்புக் காற்றும் வெயிலும் டெப்புக்கு ஆகாது. பகல் முழுக்கச் சூடேறும் இரும்பு அலுமாரியில் பூட்டாதீர்கள், மர அலுமாரியில் வையுங்கள். மலிவான மின் நீட்டுப் பலகை ஒன்றில் எட்டையும் செருகி இரவில் விட்டுவிட்டுப் போக வேண்டாம், நீங்கள் வகுப்பில் இருக்கும்போதே சார்ஜ் செய்யுங்கள். மார்கழி விடுமுறைக்குப் பூட்டும்போது பற்றரி பாதியளவில், அதாவது 50 வீதத்துக்குக் கிட்ட இருக்கட்டும். வெறுமையாக வைத்தால் தை மாதம் சில உயிர்க்காமலே போகலாம். ஒலிப்பதிவுகளை அதற்கு முன்பே ஒரு கணினியில் பிரதியெடுத்து, பிள்ளையின் பெயருக்குப் பதில் இடாப்பு இலக்கத்தையும் திகதியையும் எழுதி வையுங்கள். வெள்ளம் ஏறும் இடமென்றால் அலுமாரியின் மேல் தட்டு. திறப்பு உங்களிடம் ஒன்று, அதிபரிடம் ஒன்று.

முதல் பதிவைத் திங்கட்கிழமையே எடுத்துவிடுங்கள் டீச்சர். பாடநூலில் உள்ள ஒரு சிறு பந்தி, 31 பேருக்கும் ஒரே பந்தி. கேட்டு முடித்த பிறகு எந்த எழுத்துகளில் தடுக்குகிறார்கள் என்று எழுதுங்கள். எந்தக் கதையை முதலில் போடுவது என்பதை அதைப் பார்த்துச் சேர்ந்து தீர்மானிப்போம்.